வறண்ட ஊருக்கு டேட்டா சென்டர் வந்தால்: தண்ணீர்க் கணக்கு கேட்பது முதல் பசுமைத் தீர்ப்பாயம் வரை

சிலியின் தலைநகர் சாந்தியாகோவை ஒட்டிய செர்ரில்யோஸில் டேட்டா சென்டர் (இணையச் சேவைகளுக்கான சர்வர் கணினிகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டும் கட்டடம்) கட்ட 2019-இல் கூகுள் விண்ணப்பித்தது. அனுமதிக்காகக் கொடுத்த ஆவணக் கட்டுக்குள் ஒரு வரி இருந்தது: நொடிக்கு 169 லிட்டர் தண்ணீர். கேட்பதற்குச் சின்ன எண். மோசகாட் என்ற உள்ளூர் இயக்கத்தினர் அதை வெளியே எடுத்துப் பேசுபொருளாக்கினார்கள். 86,400 நொடியால் பெருக்கினால் நாளொன்றுக்கு 1 கோடியே 46 லட்சம் லிட்டர் வருகிறது. 2010 முதல் தொடர் வறட்சியில் இருந்த பகுதி அது. 2020-இல் அனுமதி கிடைத்தும் போராட்டம் ஓயவில்லை. நிலத்தடி நீர்த்தேக்கத்தின் மீது காலநிலை மாற்றம் ஏற்படுத்தும் பாதிப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் அனுமதியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில், காற்றால் குளிரூட்டும் வடிவமைப்போடு முதலிலிருந்து தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது.

கோஷம் எல்லாப் போராட்டத்திலும் இருக்கும். அங்கே கூடுதலாக இருந்தது அளவோடு கூடிய ஓர் எண். “தண்ணீரை உறிஞ்சிவிடுவார்கள்” என்று மனு கொடுத்தால் “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதில் வரும், கோப்பு மூடப்படும். “உச்ச நாளில் எத்தனை கிலோலிட்டர், எந்த ஆதாரத்திலிருந்து?” என்று கேட்டால் அப்படி மூட முடியாது. இந்த வழிகாட்டி அந்த எண்ணைப் பிடிப்பதிலும், பிடித்தபின் அதை வைத்து என்ன செய்வது என்பதிலும் கவனம் வைக்கிறது. சட்ட நடைமுறைகள் தமிழ்நாட்டுக்கானவை. கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. மின்சாரத்திலிருந்து தண்ணீரைக் கண்டுபிடியுங்கள்

தண்ணீர் அளவை நிறுவனங்கள் மறைக்கும். மின்சாரத்தை மறைப்பது கடினம். துணை மின்நிலையம், உயரழுத்தக் கோபுரம், இணைப்புக்கான விண்ணப்பம் என்று அது பல மேசைகளைத் தாண்ட வேண்டும். முதலீட்டு அறிவிப்பிலும் மெகாவாட் பெருமையாகவே சொல்லப்படும். அங்கிருந்து தொடங்குங்கள்.

90 மெகாவாட் இணைப்பு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டல், விளக்கு, மின்மாற்றி இழப்பு எல்லாம் போக, சர்வர்களுக்குச் செல்வது தோராயமாக 60 மெகாவாட். நம் வெப்பநிலையில் மொத்தத்தை 1.5-ஆல் வகுப்பது நியாயமான மதிப்பீடு. சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தைக் கூலிங் டவர் (குளிரூட்டும் கோபுரம்) வழியாக நீரை ஆவியாக்கி வெளியேற்றினால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் ஆவியாகும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி என்றாலும் பெரிதாக மாறாது.

60 மெகாவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் 14.4 லட்சம் யூனிட். ஆவியாவது 21.6 லட்சம் லிட்டர். கணக்கு இங்கே முடிவதில்லை. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு டவரிலேயே தங்கும். உப்பேறிய நீரை அவ்வப்போது வெளியேற்றி, நல்ல நீரை நிரப்ப வேண்டும். இந்த வெளியேற்றத்தைத் துறையில் புளோடவுன் என்பார்கள். நீர் உள்ளே எத்தனை மடங்கு செறிவாகும் வரை சுற்றவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மொத்தத் தேவை மாறும். ஐந்து மடங்கு வரை சுற்றவிட்டால் ஆவியாவதைப் போல 1.25 மடங்கு போதும். மூன்று மடங்குதான் முடியும் என்றால் ஒன்றரை மடங்கு வேண்டும். நம் போர்வெல் நீர் போல கடின நீராக இருந்தால் குழாயில் சுண்ணாம்பு படியும், ஆகவே மூன்றுக்கு மேல் போவது சிரமம்.

அப்படியானால் மொத்தம் 32.4 லட்சம் லிட்டர், தினமும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 270 நடை. கிராமக் குடிநீர்த் திட்ட அளவான தலைக்கு 55 லிட்டர் கணக்கில் சுமார் 59,000 பேரின் ஒரு நாள் தண்ணீர். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து வந்த தண்ணீர் ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்ததே 25 லட்சம் லிட்டர்தான்.

இது முழுச் சுமையில், முழுவதும் ஆவியாதல் முறையில் வரும் உச்ச அளவு. நடைமுறையில் சர்வர்கள் எப்போதும் முழுச் சுமையில் ஓடுவதில்லை. இதை உங்கள் மனுவிலேயே எழுதிவிடுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான், பிறகு மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். “எங்கள் மதிப்பீடு இது, தவறென்றால் உங்கள் எண்ணை எழுத்தில் தாருங்கள்” என்பதே சரியான நிலை.

2. கழிவு நீரையும் சேர்த்துப் பாருங்கள்

மேலே சொன்ன உதாரணத்தில் புளோடவுன் மட்டும் நாளுக்கு 10.8 லட்சம் லிட்டர். உள்ளே போகும் நீரின் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 900 என்றால், மூன்று மடங்கு செறிவில் வெளியே வருவது 2,700. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் வெளியேற்ற வரம்பு 2,100. அதாவது அந்த நீரை அப்படியே கண்மாயிலோ ஓடையிலோ விட முடியாது. ஆர்ஓ போட்டால் உவர்நீர் மிஞ்சும், அதையும் ஆவியாக்கி உப்பாக எடுக்க வேண்டும். படிவங்களில் பெரும்பாலும் “தோட்டப் பராமரிப்புக்குப் பயன்படுத்தப்படும்” என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். எத்தனை ஏக்கர் தோட்டம், எந்தச் செடி, மழைக்காலத்தில் எங்கே போகும் என்று கேளுங்கள். தினம் பத்து லட்சம் லிட்டர் உவர்நீரைத் தாங்கும் புல்வெளியை நாங்கள் பார்த்ததில்லை.

3. ஆவணங்கள் எங்கே கிடைக்கும்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் டேட்டா சென்டருக்குத் தனி இனம் கிடையாது. அது கட்டடத் திட்டமாகவே பார்க்கப்படுகிறது. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், 1,50,000 தாண்டினால் ஆய்வு கடுமையாகும். ஆனால் கட்டட வகைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. “கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம்” என்று காத்திருக்கும் ஊர்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. கூட்டம் வராமலே அனுமதி வந்துவிடும்.

மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பமும் படிவங்களும் இருக்கும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்ட நிகழ்ச்சி நிரலும் அங்கே வரும். மாவட்டப் பெயரைப் போட்டு வாரம் ஒருமுறை தேடுங்கள். விண்ணப்பம் துணை நிறுவனத்தின் பெயரில் இருக்கும், திட்டப் பெயரில் “ஐ.டி. பூங்கா”, “வணிகக் கட்டடம்” என்றே எழுதியிருக்கலாம். சர்வே எண்ணை வைத்துத் தேடுவதுதான் தப்பாத வழி.

கிடைத்ததும் நேராக நீர்ச் சமநிலை அட்டவணைக்கு, அதாவது தண்ணீர் வரவு செலவுக் கணக்குக்குப் போங்கள். ஊழியர்களுக்கு ஆளுக்கு 45 லிட்டர், கழிப்பறைக்கு இவ்வளவு, தோட்டத்துக்கு இவ்வளவு என்று முன்வரிசைகள் விரிவாக இருக்கும். குளிரூட்டலுக்கான நிரப்பு நீர் கடைசியில் ஒரே வரியாக நிற்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. மூன்றைச் சரிபாருங்கள். அந்த அளவு ஆண்டுச் சராசரியா, உச்ச நாளா? முதல் கட்டத்துக்கா, முழு வளாகத்துக்கா? ஜெனரேட்டர் பட்டியலில் உள்ள மொத்தத் திறனோடு பொருந்துகிறதா? 90 மெகாவாட்டுக்கு ஜெனரேட்டர் வைத்துவிட்டு, 10 மெகாவாட்டுக்கான தண்ணீரைக் காட்டியிருந்தால் அந்த முரணே உங்கள் ஆட்சேபணையின் முதல் பத்தி.

வளாகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 20,000 சதுர மீட்டருக்குள் காட்டுவதும் உண்டு. பக்கத்துச் சர்வே எண்களின் பத்திரப் பதிவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. தகவல் உரிமை மனு: எப்படிக் கேட்டால் மறுக்க முடியாது

கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஒரே மனுவில் இருபது கேள்வி வேண்டாம். துறைக்கு ஒரு மனுவாகப் பிரியுங்கள்.

மாநில நிலத்தடி நீர் அலுவலகத்திடம்: உங்கள் பிர்க்காவின் (வருவாய்க் குறுவட்டம்) நிலத்தடி நீர் வகைப்பாடு என்ன, இந்தச் சர்வே எண்களுக்குத் தடையின்மைச் சான்று கோரப்பட்டதா, நகல் தருக. (ஆண்டு மீள்நிரப்பில் 70 சதவீதத்துக்குள் எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை பாதி நெருக்கடி, 100 வரை நெருக்கடி, அதற்கு மேல் மிகை நுகர்வு.) குடிநீர் வாரியத்திடம் அல்லது சிப்காட்டிடம்: நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் ஒப்புதல், எந்தத் தேதியில், எந்த ஆதாரத்திலிருந்து. மின்சாரத்துறையிடம்: கோரப்பட்ட மின்பளு. மாசுக் கட்டுப்பாடு வாரியத்திடம்: நிறுவுவதற்கான இசைவாணை விண்ணப்பமும் இணைப்புகளும்.

வழக்கமான மறுப்பு, பிரிவு 8(1)(டி), வணிக ரகசியம். மேல்முறையீட்டில் இதற்குப் பதில் எழுத மூன்று பிடி உண்டு: அதே பிரிவே பெரும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்கிறது. பிரிவு 10-இன்படி ரகசியப் பகுதியை அடித்துவிட்டு மற்றதைத் தரலாம். நீங்கள் கேட்பது இயந்திர வடிவமைப்பை அல்ல, பொதுத் தண்ணீரின் மொத்த அளவை.

இந்த மறுப்பு நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தி டாலஸ் என்ற சிறுநகரம், கூகுளின் நீர்ப் பயன்பாட்டைக் கேட்ட நாளிதழ் மீதே வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் சமரசமாகி எண் வெளியானபோது, 2021-இல் நகரத்தின் மொத்த நீரில் கால்பங்குக்கு மேல் அந்த நிறுவனம் எடுத்திருந்தது தெரிந்தது. உருகுவேயில் ஓர் ஆய்வாளர் நீதிமன்றம் போய்த்தான், கூகுள் கட்டவிருந்த டேட்டா சென்டருக்கு நாளுக்கு 76 லட்சம் லிட்டர் என்ற திட்ட அளவை 2023-இல் வெளிக்கொண்டு வந்தார். அது 55,000 பேரின் வீட்டுத் தேவை. அதே ஆண்டு தலைநகர் மான்டெவிடியோ மக்கள் வறட்சியால் குழாயில் உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அங்கேயும் திட்டம் காற்றுக் குளிரூட்டலுக்கு மாறியது.

5. கிணறுகளை இப்போதே அளக்கத் தொடங்குங்கள்

நிறுவனம் வந்தபின் அளந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. திட்ட எல்லையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் பத்துப் பதினைந்து கிணறு அல்லது போரைத் தேர்ந்தெடுங்கள். திறந்த கிணறும் ஆழ்துளையும் கலந்திருக்கட்டும், இரண்டும் வெவ்வேறு நீர்த்தட்டைக் காட்டும்.

கிணற்று விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ட்டால் குறி போடுங்கள், எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். கனமான முனை கட்டிய டேப் போதும். மோட்டார் ஓடி முடித்த உடனே அளப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது தெரிவது இறைத்த மட்டம், கிணற்றின் நிலைமட்டம் அல்ல. குறைந்தது ஆறு மணி நேரம் நிறுத்தி, விடிகாலையில் அளங்கள். மாதம் ஒருமுறை, அதே தேதியில். ஜனவரி, மே இரண்டும் தவறவே கூடாது: மழைக்குப் பிந்திய உச்சமும் கோடையின் அடிமட்டமும் அவை. நோட்டில் தேதி, நேரம், ஆழம், அளந்தவர், சாட்சி இருவர் கையெழுத்து. இடமும் நேரமும் பதியும் செயலியில் ஒரு படம்.

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது ஊருக்குள் எச்சரிக்கைக்குச் சரி, நீதிமன்றத்துக்குப் போதாது. ஆண்டுக்கு இருமுறையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ கொடுத்துச் சான்று வாங்குங்கள்.

6. நிறுவனம் சொல்லும் பதில்களும் கேட்க வேண்டிய மறுகேள்விகளும்

“எங்களுடையது மூடிய சுற்று, தண்ணீரே செலவாகாது.” அதிகம் ஏமாற்றும் வாக்கியம் இதுதான். சர்வரிலிருந்து வெப்பத்தை எடுத்துவரும் குழாய் மூடிய சுற்றாக இருக்கலாம். அந்த வெப்பத்தைக் கட்டடத்துக்கு வெளியே எது தள்ளுகிறது? கூரைமேல் கூலிங் டவர் என்றால் தண்ணீர் ஆவியாகத்தான் செய்யும். மூடிய சுற்று உள்ளே, திறந்த சுற்று வெளியே. கட்டட வரைபடத்தில் கூரைப் பக்கத்தைப் பாருங்கள்.

“வெயில் அதிகமுள்ள நாட்களில் மட்டும் தண்ணீர் தெளிப்போம்.” ஆண்டுச் சராசரி இதில் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த நாட்கள் எவை? ஏரி வற்றி, ஊருக்குள் குடம் வரிசையில் நிற்கும் ஏப்ரல், மே. உச்ச நாள் அளவை மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

“காற்றால் குளிரூட்டுவோம்.” இது உண்மையான மாற்று, தண்ணீர் வெகுவாகக் குறையும். மின்சாரம் கூடும். கூடுதலாக 6 மெகாவாட் பிடிக்கிறது என்றால் நாளுக்கு 1.44 லட்சம் யூனிட். அனல்மின் நிலையங்களுக்கான யூனிட்டுக்கு 3.5 லிட்டர் வரம்பை வைத்துப் பார்த்தால் வேறெங்கோ 5 லட்சம் லிட்டர் செலவாகும். மின்சாரம் தூத்துக்குடியிலிருந்து வந்தால் அது பெரும்பாலும் கடல்நீர், மேட்டூரிலிருந்து வந்தால் காவிரி. எப்படியும் 32 லட்சத்தைவிடக் குறைவுதான், இதை மறுக்க வேண்டாம். ஆனால் நூற்றுக்கணக்கான விசிறிகள் இரவு பகலாக ஓடும். குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபல். திட்ட எல்லையில் அல்ல, அருகிலுள்ள வீட்டு வாசலில் எவ்வளவு கேட்கும் என்ற கணிப்பைக் கேளுங்கள்.

“சுத்திகரித்த கழிவுநீரைத்தான் எடுப்போம்.” சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் தொழிற்சாலைகளுக்கு இப்படிக் கொடுக்கின்றன, ஆகவே நடக்கக்கூடியதுதான். கேள்வி: குழாய் எப்போது வரும், வரும் வரை எது? “இடைக்கால ஏற்பாடு” என்று எழுதியிருந்தால் அது டேங்கர். டேங்கர் என்றால் பக்கத்து ஊர் வயல் போர். உங்கள் ஊரைக் காப்பாற்றிவிட்டு அந்த ஊரை உலர்த்தும் தீர்வுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று: டேட்டா சென்டரை வறட்சிக்காக நிறுத்த முடியாது. வளாகத்துக்குள் மணிக்கணக்கில் ஓடுமளவு நிரப்பு நீரைச் சேமித்து வைப்பது இந்தத் துறையின் நடைமுறை. எனவே நீர்ப் பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் குறைப்பது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால் விடை தெரிந்ததுதான்.

7. கிராம சபை, ஆட்சேபணை, தீர்ப்பாயம்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோங்கள். சர்வே எண், பிர்க்கா வகைப்பாடு, கணக்கிட்ட நீர் அளவு, கேட்கும் நிபந்தனை எல்லாம் அதில் இருக்கட்டும். குறைவெண் வரம்பை, அதாவது வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது என்பார்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானப் புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து, சான்றிட்ட நகலுக்கும் மனுப் போடுங்கள். அந்தத் தீர்மானம் மட்டுமே திட்டத்தை நிறுத்திவிடாது. பின்னால் தீர்ப்பாயத்தில் “ஊர் அறிந்தே இருந்தது, எதிர்க்கவில்லை” என்று சொல்ல விடாமல் தடுக்கும்.

நிபுணர் குழுக் கூட்டத்துக்கு முன்பே ஆட்சேபணையைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். இரண்டு பக்கம் போதும். அட்டவணையில் உள்ள முரண், பிர்க்கா நிலை, கழிவுநீர்க் கணக்கு, கிணற்று அளவுகள் இணைப்பாக.

அனுமதி கொடுத்துவிட்டால் நாள் எண்ணத் தொடங்குங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு 30 நாளுக்குள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 91-ஆம் நாள் போனால் எவ்வளவு நல்ல வழக்கானாலும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

8. தண்ணீரில் வென்றபின் வருவது

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரத்தில் “புராஜெக்ட் புளூ” என்ற பெரும் டேட்டா சென்டர் திட்டத்தை 2025 ஆகஸ்ட் 6 அன்று நகர மன்றம் ஒருமனதாக நிராகரித்தது. நகர எல்லைக்குள் இணைத்தால்தான் நகரத் தண்ணீர் கிடைக்கும், இணைக்க முடியாது என்றது. அதிகாரிகள் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தது. ஆனால் நிறுவனம் போய்விடவில்லை. நிலம் மாவட்டத்திடமிருந்து கிடைத்தது, மின்சாரம் தனியார் விநியோக நிறுவனத்திடமிருந்து. தண்ணீர் வேண்டாத வடிவமைப்போடு திரும்பி வந்தது. போராட்டம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் வாசலுக்கு இடம் மாறியது.

ஆகவே உங்கள் குழு தொடக்கத்திலேயே ஒன்றை முடிவு செய்ய வேண்டும். திட்டமே வேண்டாமா, வேறிடம் போகட்டுமா, குளிரூட்டும் முறையை மாற்றினால் போதுமா? தண்ணீரை மட்டும் பேசிவிட்டு, தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்ததும் நிலம், சத்தம், டீசல் என்று ஒவ்வொன்றாக எடுத்தால் “இவர்கள் எதற்கும் எதிர்ப்பவர்கள்” என்ற பேச்சு எளிதாக ஒட்டும். டீசலைச் சேர்ப்பதென்றால் அதற்கும் கணக்கு வேண்டும். 90 மெகாவாட்டுக்கு 48 மணி நேரக் கையிருப்பு என்றால் 11 லட்சம் லிட்டருக்கு மேல், ஊருக்குள்.

அனுமதி வந்தே தீரும் என்ற நிலை வந்தால் நிபந்தனைகளில் இவை இடம்பெறப் போராடுங்கள்: ஆதாரவாரியாக உச்ச நாள் வரம்பு, கிலோலிட்டரில், போர், டேங்கர் இரண்டுக்கும் தடை, ஒவ்வொரு குழாயிலும் தானே பதிவாகும் மீட்டர், மாத அளவு ஊராட்சிப் பலகையில், ஏரி மட்டமோ பிர்க்கா நிலையோ குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் தானாகவே குறையும் ஒதுக்கீடு, இரண்டாம் கட்டத்துக்குப் புதிய அனுமதி. “இயன்றவரை”, “தேவைக்கேற்ப” என்ற சொற்கள் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர்கள் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அரையாண்டு இணக்க அறிக்கை கொடுக்க வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் எடுத்து, உங்கள் கிணற்று நோட்டோடும் மின்நுகர்வோடும் ஒப்பிடுங்கள். மின்சாரம் கூடியும் நிரப்பு நீர் அப்படியே நின்றால் எங்கிருந்தோ மீட்டரில் ஏறாத தண்ணீர் வருகிறது. வாயிலில் நுழையும் டேங்கர்களின் எண்ணையும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து, படத்தோடு மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.